ஒரே கார், இரண்டு ஓட்டுநர்கள்: 1988-ன் கணக்கு

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஜெயிப்பது காரா, ஓட்டுநரா என்ற கேள்விக்கு ஓரளவு நேர்மையாக விடை சொல்லும் சீசன் 1988. அந்த ஆண்டு நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் அணி வென்றது. பிரேசிலின் அயர்டன் சென்னாவுக்கு எட்டு வெற்றி, பிரான்சின் அலெய்ன் பிராஸ்டுக்கு ஏழு. இருவரும் ஓட்டியது எம்பி4/4 என்ற ஒரே கார். வெவ்வேறு கார்களில் ஓடும் இருவரை ஒப்பிடும்போது, வேகத்தில் காரின் பங்கு எவ்வளவு, ஓட்டுபவரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது பெரும்பாலும் ஊகமாகவே முடியும். 1988-ல் அதைப் பிரித்துப் பார்க்க வழி இருந்தது.

காரின் பங்கை அளக்க உதவுவது லோட்டஸ் அணி. மெக்லாரனில் இருந்த அதே ஹோண்டா ஒன்றரை லிட்டர் வி6 டர்போ என்ஜின்தான் லோட்டஸிலும் இருந்தது. அதை ஓட்டியவரும் சாதாரண ஆள் இல்லை; முந்தைய ஆண்டின் உலக சாம்பியன் நெல்சன் பிக்கே. இமோலாவில் நடந்த தகுதிச் சுற்றில் சென்னாவும் பிராஸ்டும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். மூன்றாவதாக வந்த பிக்கே, சென்னாவைவிட மூன்று வினாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார். பந்தயத்திலும் மூன்றாம் இடம் அவருக்கே. ஆனால் மெக்லாரன் கார்கள் அவரை ஒரு முழுச் சுற்று முந்தியிருந்தன. சீசன் முடிவில் மெக்லாரன் 199 புள்ளி, லோட்டஸ் 23. ஹோண்டா என்ஜின் இருந்ததால்தான் மெக்லாரன் ஜெயித்தது என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே போதும்.

வித்தியாசம் காரின் உடலமைப்பில் இருந்தது. கார்டன் மர்ரே, ஸ்டீவ் நிக்கல்ஸ் ஆகியோரின் தலைமையில் உருவான எம்பி4/4 தரையோடு தரையாகத் தாழ்ந்த கார். ஓட்டுநர் ஏறக்குறைய படுத்த நிலையில் உட்கார வேண்டும். ஹோண்டாவும் என்ஜினைத் தாழ்வாகப் பொருத்தும்படி மாற்றிக் கொடுத்தது. எடை கீழே இறங்கினால் வளைவில் கார் நிலைத்து நிற்கும். பின் இறக்கைக்குக் காற்று தடையில்லாமல் போகும். விதிமாற்றமும் கைகொடுத்தது. டர்போ அழுத்தத்தின் வரம்பு 4 பாரிலிருந்து 2.5 பாராகவும், எரிபொருள் 195 லிட்டரிலிருந்து 150 லிட்டராகவும் அந்த ஆண்டு குறைக்கப்பட்டன. டர்போ என்ஜின்களை ஒடுக்கவே இந்த விதி. ஆனால் குறைந்த எரிபொருளில் நிறைந்த சக்தியை எடுக்கத் தெரிந்த ஹோண்டாவுக்கே அது சாதகமாக முடிந்தது.

கார் ஒன்றே என்றான பிறகு மிஞ்சுவது ஓட்டுநர். ஒற்றைச் சுற்று வேகத்தில் போட்டியே இல்லை. 16 தகுதிச் சுற்றுகளில் 13-ல் சென்னா முதலிடம்; பிராஸ்ட் இரண்டு. மொனாக்கோவில் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி 1.427 வினாடி. மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தெருப்பாதையில், ஒரே காரில், அதற்குள் இரண்டு முறை உலக சாம்பியனாகியிருந்த ஒருவரை இவ்வளவு தூரம் பின்தள்ளியது இன்றும் மலைக்க வைக்கிறது.

இருவரின் ஓட்டும் முறையிலேயே இதற்கு விளக்கம் உண்டு. வளைவுக்குள் சென்னாவின் வலது கால் ஆக்ஸிலேட்டரைச் சட்சட்டென்று பலமுறை தட்டிக்கொண்டே இருக்கும். டர்போ சுழற்சி அடங்கிவிடாமல், வளைவிலிருந்து வெளியேறும் கணத்தில் சக்தி தயாராக இருக்கும். பிராஸ்ட் முன்கூட்டியே பிரேக் பிடித்து, ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பி, டயரையும் எரிபொருளையும் மிச்சம் பிடிப்பவர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் வேகமாகப் போவதாகவே தோன்றாது. 'பேராசிரியர்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

அதே மொனாக்கோ பந்தயத்தில் பிராஸ்டின் முறைக்கும் பலன் கிடைத்தது. சென்னா ஏறக்குறைய 50 வினாடி முன்னிலையில் இருந்தார். பிராஸ்ட் நெடுநேரம் ஃபெராரி வீரர் கெர்ஹார்ட் பெர்கருக்குப் பின்னால் சிக்கிக் கிடந்தார். ஆனால் 78 சுற்றுப் பந்தயத்தின் 67-வது சுற்றில், சுரங்கப்பாதைக்கு முந்தைய வளைவில் சென்னா தடுப்பில் மோதினார். வெற்றி பிராஸ்டுக்குப் போனது. மோன்சாவில் இன்னும் இரண்டு சுற்றே மீதி இருந்தபோது, ஒரு சுற்று பின்தங்கிய வில்லியம்ஸ் காரோடு மோதி சென்னா மறுபடியும் வெற்றியை இழந்தார். பிராஸ்டும் என்ஜின் பழுதால் ஏற்கனவே விலகியிருந்ததால், மெக்லாரனுக்குத் தவறிய ஒரே பந்தயம் அது. பிராஸ்ட் அந்த ஆண்டு முடித்த பந்தயங்கள் 14. ஏழில் முதலிடம், ஏழில் இரண்டாமிடம். அதற்குக் கீழே ஒருமுறைகூட இல்லை.

ஆனால் மழை பிராஸ்டின் பலவீனம். சில்வர்ஸ்டோனில் கொட்டிய மழையில் அவர் தாமாகவே விலகிக்கொண்டார்; வென்றவர் சென்னா. சாம்பியன் பட்டம் முடிவான ஜப்பானின் சுசூகாவிலும் மழைத் தூறல் வந்தது. புறப்படும்போதே சென்னாவின் என்ஜின் நின்றுவிட்டது. பாதை சரிவாக இருந்ததால் கார் உருண்டு, என்ஜின் மீண்டும் உயிர் பெற்றது. அதற்குள் 14-வது இடத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து ஒவ்வொருவராக முந்தி வந்து, பாதி தூரம் தாண்டியபின் பிராஸ்டையும் கடந்து வென்றார். முன்வரிசையிலிருந்து தப்பி ஓடுபவர் மட்டுமே சென்னா என்ற விமர்சனத்துக்கு அன்றோடு இடமில்லாமல் போனது.

மொத்தப் புள்ளியைக் கூட்டினால் பிராஸ்ட் 105, சென்னா 94. பட்டம் மட்டும் சென்னாவுக்கு. அன்றைய விதிப்படி ஒருவரின் சிறந்த 11 முடிவுகளே கணக்கில் வரும். அப்படிக் கழித்தபின் சென்னா 90, பிராஸ்ட் 87. இதை அநியாயம் என்பவர்கள் உண்டு. ஆனால் அந்த விதி இருவருக்கும் முதல் பந்தயத்துக்கு முன்பே தெரியும். இரண்டாமிடங்களைச் சேர்ப்பதைவிட வெற்றிகளைத் துரத்துவதே அந்த ஆண்டு சரியான வழி. சென்னா துரத்தினார். பட்டம் அவருக்குரியதே.

அடுத்த ஆண்டும் இருவரும் அதே அணியில் தொடர்ந்தார்கள். 1989 பட்டம் பிராஸ்டுக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் தகுதிச் சுற்று முதலிடங்களில் சென்னா 26, பிராஸ்ட் 4. வெற்றிகளில் 14-க்கு 11. விதியால் கழிபட்டதையும் சேர்த்த மொத்தப் புள்ளியில் பிராஸ்ட் 186, சென்னா 154. வேகமான ஓட்டுநர் சென்னா. காரைப் பத்திரமாகக் கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் பிராஸ்ட். சிறந்த முடிவுகளை மட்டும் எண்ணும் விதி 1991 சீசனிலிருந்து நீக்கப்பட்டது. அன்று முதல் எல்லாப் பந்தயங்களின் புள்ளிகளும் கணக்கில் சேர்கின்றன.