பாதியில் திரும்பும் சுட்டி

வலைப்பக்கத்தில் ஒரு அட்டையின்மேல் மவுஸைக் கொண்டுபோனால் அது சற்றே உயர்கிறது, கீழே நிழல் விழுகிறது, நிறம் மாறுகிறது. இந்த ஹோவர் அசைவை வடிவமைப்பவர் சோதிக்கும்போது சுட்டியை நிதானமாக உள்ளே கொண்டுவருகிறார், அசைவு முடியும்வரை காத்திருக்கிறார், பிறகு வெளியே எடுக்கிறார். பக்கத்தைப் பயன்படுத்துபவர் அப்படிச் செய்வதில்லை. மெனுவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறவரின் சுட்டி, வழியிலுள்ள பட்டன்களையெல்லாம் தொட்டுக்கொண்டுதான் போகும். ஒவ்வொன்றிலும் அசைவு தொடங்கும், ஒன்றிலும் முடியாது. ஹோவர் அசைவின் தரத்தை அது அறுபடும் கணத்தில்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கணத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. பொருள் இருந்த இடத்திலிருந்தே திரும்புகிறதா, இல்லை வேறோர் இடத்துக்குத் தாவுகிறதா? திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், போன தூரத்துக்குப் பொருந்துகிறதா? வேகம் தொடர்ச்சியாக மாறுகிறதா, வெட்டுப்படுகிறதா? முக்கியத்துவமும் இதே வரிசையில்தான். தாவல் எல்லார் கண்ணிலும் படும். நேரம் பொருந்தாவிட்டால் பக்கம் மந்தமாகத் தோன்றும்; ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. வேகத்தின் வெட்டு பெரிய அசைவுகளில்தான் உறுத்தும்.

2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி நூலகம் இந்தத் தேர்வில் எப்படி நிற்கிறது என்று முதலில் பார்க்கலாம். ஒரு தலைமுறையின் ஹோவர் அசைவுகள் அதில்தான் எழுதப்பட்டன. அது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசையை வைத்திருந்தது. சுட்டி உள்ளே வந்தால் ஓர் அசைவு வரிசையில் சேரும். வெளியே போனால் இன்னொன்று சேரும். ஓர் அசைவின் இயல்பான கால அளவு 400 மில்லிவிநாடி. சுட்டியை ஒரு பட்டனின் குறுக்கே வேகமாக ஐந்து முறை ஆட்டினால் பத்து அசைவுகள், அதாவது 4 விநாடி ஆட்டம், வரிசையில் நிற்கும். சுட்டி எங்கோ போய்விட்ட பிறகும் பட்டன் பழைய கடனைத் தீர்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்தாக வந்தது ஸ்டாப் கட்டளை. வரிசையை அழித்து, ஓடிக்கொண்டிருக்கும் அசைவின் முடிவுக்கே தாவச் சொன்னால் கடன் தீரும். ஆனால் முதல் கேள்வியில் தோற்கும். தாவாமல் அங்கேயே நிறுத்தினால் இடம் சரியாக இருக்கும். ஆனால் பத்தில் ஒரு பங்கு தூரமே போன பொருளும் திரும்ப முழு 400 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். 1.7 பதிப்புக்கு முன்பு இன்னொரு சிக்கலும் இருந்தது: காட்டுவதும் மறைப்பதுமாக மாறிமாறி நடக்கும் டாகிள் வகை அசைவை இடையில் நிறுத்தினால் அதன் நிலைக்கணக்கே நூலகத்திடமிருந்து தொலைந்துவிடும். இதற்காக ஜேகுவெரியைப் பழிப்பது நியாயமாகாது. ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவேண்டிய காட்சிகளுக்கு வரிசை சரியான ஏற்பாடு. ஹோவர் அப்படிப்பட்டதல்ல. சுட்டி இப்போது உள்ளே இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே அங்கே பொருட்டு. சற்று முன்பு எத்தனை முறை வந்துபோனது என்பதைப் பொருள் நினைவில் வைக்கவேண்டியதே இல்லை.

சிஎஸ்எஸ் ட்ரான்ஸிஷன் இந்த இடத்தில்தான் அடிப்படையிலேயே வேறுபடுகிறது. சாதாரண நிலை எப்படி, ஹோவர் நிலை எப்படி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எவ்வளவு நேரம் என்று எழுதிவிட்டால் போதும். இடையில் அறுபட்டால், அந்தக் கணத்தில் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே பிரவுசர் புதிய பயணத்தைத் தொடங்கும். முதல் கேள்வி தீர்ந்தது.

இரண்டாவது கேள்விக்கான விடை அதன் விவரக்குறிப்பில் உள்ள ஒரு சிறு விதி. பலர் இதைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். இப்படியொரு விதி உண்டென்று தெரிந்தவர் குறைவு. பாதியில் அறுபட்ட பயணம் வந்த வழியே திரும்பினால், எவ்வளவு பங்கு முன்னேறியிருந்ததோ அந்தப் பங்காலேயே திரும்பும் நேரமும் சுருக்கப்படும். வேகம் எப்படிக் கூடிக் குறையும் என்பதைச் சொல்வது வளைவு; இயல்பான ஈஸ் வளைவில் 100 பிக்சல் தூரத்தை 300 மில்லிவிநாடியில் கடக்கும் பொருளை எடுத்துக்கொள்வோம். பாதி நேரத்தில், 150 மில்லிவிநாடியில், அது ஏறத்தாழ 80 பிக்சல் போயிருக்கும். அப்போது சுட்டி வெளியேறினால் திரும்ப ஆகும் நேரம் 300 அல்ல, சுமார் 240. பத்து பிக்சல் மட்டுமே போயிருந்தால் சுமார் 30. திரும்பும் வழியில் சுட்டி மறுபடி உள்ளே வந்தாலும் இந்தக் கணக்கு அறுபடாமல் தொடரும். மெனுவின் குறுக்கே சுட்டி பாயும்போது பட்டன்கள் மெல்லச் சிலிர்த்து அடங்கிவிடுவது இதனால்தான். இதை எழுதியவர்கள் மவுஸ் பிடித்திருக்கும் கையை உண்மையிலேயே கவனித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் இந்தச் சலுகை. ஹோவரின் நடுவில் பட்டனை அழுத்தி மூன்றாவது நிலைக்குப் போனால் முழு நேரமும் எண்ணப்படும். தாமதம் எதையும் குறித்திருந்தால் அது சுருங்காது; சாதாரண நிலையில் தாமதம் வைத்தவர் பக்கம் ஒட்டிக்கொள்வதுபோல் உணர்வார். ஆனால் அதே தாமதத்தை ஹோவர் நிலையில் மட்டும் 100 மில்லிவிநாடி வைத்தால் அது நல்ல வடிகட்டி. அதற்குள் கடந்துபோகும் சுட்டிக்கு எந்த அசைவும் தொடங்காது. சுட்டி சற்று நிதானித்தால் மட்டுமே வினையாற்றும் ஹோவர்இன்டென்ட் என்ற ஜேகுவெரி செருகுநிரல் செய்த வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது கேள்வியில் ட்ரான்ஸிஷன் தோற்கிறது. திரும்பும் பயணம் வளைவை முதலிலிருந்து தொடங்குவதால், பழைய வேகம் அந்தக் கணத்திலேயே மறைந்துவிடும். மெதுவாகத் தொடங்கும் வளைவாக இருந்தால் பொருள் ஒரு கணம் தயங்குவதுபோல் தெரியும். இந்தத் தோல்வி எவ்வளவு பெரியது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

கீஃப்ரேம் அனிமேஷனை நீண்ட நேரம் எடைபோட வேண்டியதில்லை. ஹோவரில் அதை வைத்தால், சுட்டி வெளியேறியதும் அனிமேஷன் நீங்கி, பொருள் ஒரே தாவலில் பழைய நிலைக்கு வந்துவிடும். இதை மறைக்கச் சாதாரண நிலையில் ஒரு தலைகீழ் கீஃப்ரேமை எழுதுகிறார்கள். அது பக்கம் திறந்தவுடனேயே ஒருமுறை ஓடும். அறுபட்ட பொருள் எங்கே இருந்தாலும் முழு உச்சியிலிருந்தே தொடங்கும். போய்த் திரும்பும் ஹோவருக்கு இது தகுதியற்ற கருவி. தொடர்ந்து ஓடும் ஒன்றைச் சுட்டி வந்ததும் நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரவிடுவதற்கு மட்டும் அது நன்றாகப் பயன்படும்.

கீஃப்ரேம் போன்ற பல கட்ட அசைவுதான் வேண்டும் என்பவருக்கு வெப் அனிமேஷன்ஸ் ஏபிஐயின் ரிவர்ஸ் கட்டளை இருக்கிறது. அது நடந்த பாதையிலேயே பின்னோக்கி நடக்கும். 150 மில்லிவிநாடி போயிருந்தால் 150இல் திரும்பும். ஒரு சின்னம் கோடுகோடாக உருமாறும் அசைவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. எளிய உயர்வுக்கும் நிறமாற்றத்துக்கும் இதற்காக ஸ்கிரிப்ட் எழுதுவது வீண். அதோடு, மென்மையாக முடியும் வளைவைப் பின்னோக்கி ஓட்டினால் அது வேகத்தோடே போய் நிற்கும்.

கடைசிப் போட்டியாளர் ஸ்பிரிங். இதற்குக் கால அளவே கிடையாது. இருக்கும் இடமும் இருக்கும் வேகமும்தான் கணக்கு. ரியாக்ட் மோஷன் நூலகம் விறைப்பு 170, தணிப்பு 26 என்று இயல்பெண்களைக் கொடுத்தது. 170இன் வர்க்கமூலத்தின் இருமடங்கு 26.08, அதாவது, நிறை ஒன்று என்று கொண்டால், ஆடாமல் விரைந்து அடங்கும் எல்லைக்கு மிக அருகில். ஸ்பிரிங்கை நடுவழியில் திருப்பினால், எதிரே வரும் ஊஞ்சலைக் கைகொடுத்துத் திருப்புவதுபோல, வேகம் குறைந்து, நின்று, திசை மாறும். மூன்று கேள்விகளிலும் இதுவே வெல்கிறது. ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8இல் அறுபட்ட அசைவுகள் வேகம் குன்றாமல் கலக்கும்படி மாற்றியதும், 2018இல் தன் மாநாட்டில் அசைவை எக்கணமும் குறுக்கிட முடியவேண்டும் என்று வாதிட்டதும் ஸ்பிரிங்கின் மதிப்பை உயர்த்தின.

ஆனால் அந்த வாதம் விரலுக்காக எழுந்தது. திரையில் ஒரு தாளை விரலால் தள்ளிவிட்டால், அந்த வேகம் தள்ளியவருடையது. அதை அழிப்பது அவர் செய்ததை அழிப்பது. மவுஸ் அட்டையைத் தள்ளுவதில்லை. அது ஓர் எல்லையைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். அட்டைக்கு வந்த வேகம் நாம் எழுதிய வளைவு தந்தது. அதைப் பேணினால் பயனருக்குச் சொந்தமான எதையும் பேணியதாகாது. மாறாக, சுட்டி வெளியேறிய பிறகும் அட்டை சிறிது தூரம் மேலேயே போய்த்தான் திரும்பும். உடனே வரவேண்டிய மறுமொழி பிந்துகிறது. ஸ்பிரிங்கை ஸ்கிரிப்ட்டில் கணக்கிட்டால் பக்கத்தின் முதன்மை இழை சுமையில் இருக்கும்போது அசைவு திக்கும். டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டின் ட்ரான்ஸிஷன்களைப் பிரவுசர் தனியே ஓட்ட முடியும். 2023இல் முக்கிய பிரவுசர்கள் அனைத்திலும் வந்துசேர்ந்த லீனியர் சார்பைக் கொண்டு ஸ்பிரிங்கின் வடிவத்தை சிஎஸ்எஸ்ஸிலேயே வரையலாம். வடிவம்தான் கிடைக்கும், அறுபட்டால் வேகத்தின் நினைவு கிடைக்காது.

எனவே என் தீர்ப்பு ட்ரான்ஸிஷனுக்கே. கால அளவு 150 முதல் 200 மில்லிவிநாடிக்குள், விரைந்து தொடங்கி மெல்ல முடியும் வளைவு, நெருக்கமான மெனுவென்றால் ஹோவர் நிலையில் மட்டும் ஒரு சிறு தாமதம். நான்கைந்து பிக்சல் உயரும் அட்டையில் வேகத்தின் வெட்டை யாராலும் பார்க்க முடியாது. முன்னூறு பிக்சல் பலகை சரிந்து திறக்கும் இடத்தில் அது தெரியும். அங்கே ஸ்பிரிங் வேண்டும் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவ்வளவு பெரிய பலகையைக் கிளிக்கில் திறப்பதே மேல்.

இந்தத் தீர்ப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: ஹோவரை உணரும் பெட்டி அசையக்கூடாது. அட்டையின் கீழ்விளிம்பில் சுட்டி நிற்கும்போது அட்டை உயர்ந்தால், சுட்டி வெளியே விழும், அட்டை இறங்கும், சுட்டி மீண்டும் உள்ளே வரும். கையை அசைக்காமலே அட்டை துடித்துக்கொண்டிருக்கும். இங்கே அசைவு தன்னைத்தானே அறுக்கிறது. எந்த வளைவும் ஸ்பிரிங்கும் இதைக் குணப்படுத்தாது; பழுது பெட்டியின் அமைப்பில் இருக்கிறது. வெளியே அசையாத ஒரு பெட்டி ஹோவரை உணரட்டும். உள்ளே இருக்கும் அட்டை மட்டும் உயரட்டும்.