ஆயுத சிம்மாசனம்: சில குறிப்புகள்

மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் 1992இல் முடிவுற்றது. 1995இல் அங்குள்ள கிறிஸ்தவ சபைகள் தொடங்கிய திட்டத்தின்வழி மக்கள் ஆயுதங்களை ஒப்படைத்து மண்வெட்டி, தையல் இயந்திரம், மிதிவண்டி முதலியவற்றைப் பெற்றனர். செயலிழக்கச் செய்யப்பட்ட அவ்வாயுதங்களின் துண்டுகளைக்கொண்டு ‘கெஸ்டர்’ எனப்படும் கிறிஸ்டோவாவ் கன்யவாட்டோ 2001இல் ஆக்கிய ‘ஆயுத சிம்மாசனம்’ இன்று பிரித்தானிய நூதனசாலைக்குரியது.

இதனைச் சமாதானச் சின்னமாக மட்டும் போற்றுதல் அதன் வரலாற்றை மறைப்பதாகும் என்பதே எமது கருத்து. சாய்மனையில் இருப்பவை போர்த்துக்கலின் ஜீ 3 துப்பாக்கிகள். ஏனையவை கிழக்கு ஐரோப்பாவிலும் வட கொரியாவிலும் செய்யப்பட்டவை. ஒன்றேனும் மொசாம்பிக்கில் உற்பத்தியானதன்று. காலனித்துவத்தைச் சாடும் நாம், சோஷலிச முகாமின் முத்திரையையும் இங்கு இனங்காணக் கடமைப்பட்டுள்ளோம். கெஸ்டர் துப்பாக்கிகளை உருக்கவில்லை; அவற்றின் உரு தெரியும்படியே பற்றவைத்துள்ளார். இவ்வாக்கத்தின் யதார்த்தப் பண்பு இதிலேயே தங்கியுள்ளது.