சாய்வு நாற்காலியில் அமர்ந்தவரின் நோய்

தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல். அதனைப் பற்றி எழுதியோரும் மேடைகளில் பேசியோரும் பெரும்பாலும் அதனை ஒரு பழங்குடும்பத்தின் வீழ்ச்சிக் கதையாகவும், சமூகத்தின் உள்ளழுக்கை வெளிக்கொணர்ந்த துணிவான படைப்பாகவுமே கண்டனர். அதே காரணத்துக்காக அதன்மீது சினங்கொண்டோரும் நம்மில் உண்டு. இவ்விரு சாராரும் கவனியாது விட்ட ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

சென்ற ஆண்டு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள நம் மாணவர் சிலரோடு அந்நாவலை மாலை வேளைகளில் வாசித்தோம். வாசிப்பு எளிதாக இருக்கவில்லை. மலையாளமும் அரபும் விரவிய குமரிக் கடற்கரைப் பேச்சு வடமாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிது. அவர்களில் பாதிப்பேர் வீட்டில் உர்தூ பேசுகிறவர்கள். ஒரு மாலையில் பத்துப் பக்கம் நகர்ந்தால் பெரிது. நாவலின் நடுப்பகுதியை எட்டியபோது ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், இந்த முஸ்தபாக்கண்ணு ஏன் எழுந்து ஒரு வேலைக்குப் போகவில்லை?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி வீடு வரை நம்மோடு வந்தது.

முஸ்தபாக்கண்ணுவின் மூதாதை பவுரீன் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கு உற்றுழி உதவி வெகுமதிகள் பெற்றவர். சவ்தா மன்ஸில் என்னும் மாளிகையின் பெருமை முழுவதும் அந்த ஒரு வீரச் செயலிலிருந்தே ஊறுகிறது. வாளேந்தியவரின் பேரனுக்கோ ஏந்துவதற்கு எதுவுமில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். அவர் கையில் எஞ்சியிருப்பது வீட்டுப் பெண்களை அடிக்கும் 'அதபுப் பிரம்பு' ஒன்றே. அரபு மொழியில் 'அதப்' என்பது நல்லொழுக்கத்தையும் குறிக்கும், இலக்கியத்தையும் குறிக்கும். அச்சொல் ஒரு பிரம்பின் பெயராய்ச் சுருங்கியதைவிடக் கடுமையான விமர்சனத்தை மீரான் வேறெங்கும் செய்யவில்லை.

இவரைச் சோம்பேறி, கொடுமைக்காரர், வெற்றுப் பெருமைக்காரர் என்று வாசகர் முடிவு கட்டிவிடுகிறார். அம்முடிவு பிழையுமன்று. ஆனால், எழ இயலாமை, உழைப்பில் நாட்டமின்மை, நாளையைப் பற்றிய எண்ணமே அற்றுப்போதல், திடீர்ச் சினம் ஆகியவற்றை ஒருசேரக் காணும் மருத்துவர், சோம்பல் என்ற சொல்லோடு நின்றுவிடமாட்டார். முன்னோரைப்போல் ஆண்மகனாக இருக்கக் காலம் இடந்தரவில்லை. வேறெவ்வாறு இருப்பதென அவருக்கு யாரும் கற்பிக்கவுமில்லை. நோய் என்று சொல்வதால் பிரம்படி நியாயமாகிவிடாது. அடிபட்ட மனைவியின், உடன்பிறந்தாளின் வலி ஒரு துளியும் குறையாது. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. நம் குறை ஆசிரியர்மீதும் உண்டு. எள்ளலின் தொலைவிலேயே அவரை நிறுத்திவிட்டதால், அவர் என்ன செய்கிறார் என்பதைக் காண்கிறோமேயன்றி, எதற்கு அஞ்சுகிறார் என்பதைக் கேட்க வாய்ப்பதில்லை. பெண்களின் மூடுண்ட வாழ்வுக்கு 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வழியாக உள்ளிருந்தே ஒரு குரல் கிடைத்தது. அதே வீட்டுத் திண்ணையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் ஆணின் இரவை அவ்வண்ணம் எழுதியோர் நம்மில் அரியர்.

நம் வட்டாரத்துக்கும் ஒரு பவுரீன் பிள்ளை உண்டு. திண்டிவனத்திலிருந்து மேற்கே செல்லும் பேருந்து செஞ்சிக் கோட்டையருகே நம்மை இறக்கிவிடும். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது இளவயதில் மாண்ட தேசிங்கு ராஜனின் கதையில், அவனுடைய முஸ்லிம் தோழன் மணவினையை விட்டுப் போர்க்களம் வந்து உயிர் துறக்கிறான். இரு சமயத்தாரும் பெருமையோடு சொல்லிவரும் கதை. நாமும் மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோம். அந்த மணமகன் அஞ்சினானா, அழுதானா என்று எவரும் கேட்டதில்லை. கதைக்கு அது வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து கடனோடு திரும்பி, பேருந்து நிலையத்தருகே கடைவைத்து அதையும் இழந்தவருக்கு அக்கதை எவ்வகையில் துணைநிற்கும் என்பதே நம் ஐயம்.

'ஆண்மை' என்னும் சொல்லை நம் முன்னோர் இத்தனை குறுக்கிவிடவில்லை. வள்ளுவர் 'பேராண்மை'யைப் பிறன்மனை நோக்காத அடக்கத்துக்கும் சூட்டினார், களத்து மறத்துக்கும் சூட்டினார். அம்மறத்துக்குக் கூர்மை தருவது இடருற்ற பகைவனுக்கு உதவுதல் என்றார். அரபியில் 'மர்ஃ' என்னும் மனிதனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே 'முரூஅத்'. சாட்சி சொல்பவரிடம் ஃபிக்ஹு நூலார் எதிர்பார்த்த கண்ணியம் அது. அழாதிருத்தல் அதன் நிபந்தனையாக இருந்ததில்லை. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் தாங்களுமா என வியந்து கேட்க, இது இரக்கம் என்று விடையளித்தார்கள். அந்த வியப்பை இன்றும் நம் ஜனாஸா வீடுகளில் கேட்கிறோம். அதற்கு நபியவர்கள் தந்த விடையைத்தான் அரிதாகக் கேட்கிறோம்.

அறிஞர்களின் ஏடுகளும் இவ்வகையில் வறியவையல்ல. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். சினம், அச்சம், துயரம், ஓயாத வீணெண்ணம் என உள்ளத்தின் நோய்களை வகுத்தார். துயரத்தில் காரணம் தெரிந்தது ஒன்று, காரணம் தெரியாதது ஒன்று எனப் பிரித்து, பின்னதற்கு உடல்வழி மருத்துவமும் தேவை என்றார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ தம்மையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். ஹிஜ்ரி 488இல், பக்தாது நிஸாமிய்யாவின் தலைமை ஆசிரியராய் இருந்த வேளையில், பாடம் சொல்ல நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, நோய் உள்ளத்தில் என்று கூறி மருத்துவர்கள் கைவிட்டனர். இதனை மறைக்காமல் 'அல்முன்கித்' நூலில் எழுதிவைத்தார்கள். அரபு முதுகலைக்குப் படித்த நாளில் அந்நூலைத் தத்துவ மறுப்பு நூலாகவே பயின்றோம். நா எழாத அந்தப் பக்கத்தை நம் பேராசிரியரும் கடந்து சென்றார், பின்னர் ஆசிரியராகி நாமும் கடந்து சென்றோம்.

அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் 1953 முதல் பணியாற்றிய ஃபிரான்ட்ஸ் ஃபனோனின் அனுபவம் இங்கு நினைக்கத் தக்கது. ஐரோப்பியப் பெண்களின் பிரிவில் விழா, இதழ், திரைப்படம் என அவர் தொடங்கிய கூட்டுச் சிகிச்சை பலனளித்தது. அதையே முஸ்லிம் ஆண்களின் பிரிவில் செய்தபோது எவரும் அசையவில்லை. வட ஆப்பிரிக்கரின் மூளையே குறைபாடுடையது என்று அக்காலத்துப் பிரெஞ்சு மருத்துவர் சிலர் எழுதிவந்தனர். ஃபனோனோ தவறு தம் முறையில்தான் என்று கண்டார். அவர்களுக்கெனக் காப்பிக்கடை ஒன்றை மருத்துவமனைக்குள்ளேயே திறந்தார், பெருநாள்களைக் கொண்டாடினார், கதைசொல்லியை வரவழைத்தார். அவர்கள் பேசத் தொடங்கினர். ஆண்கள் கூடிப் பேசிப் பழகிய இடத்தை முதலில் அமைத்துத் தந்ததே அவர் செய்த மருத்துவம். இஷாவுக்குப் பின் திண்டிவனத்துத் தேநீர்க்கடைப் பெஞ்சில் நம்மவர் ஒரு மணி நேரம் அமர்கிறார்கள். அரசியல், நிலவிலை, விசா எல்லாம் பேசப்படுகின்றன. தூக்கம் வரவில்லை என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

ஒருவர் சொன்னார், நம்மிடம். வயது நாற்பதுக்குள். ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் பள்ளியின் தூணோரம் காத்திருந்து, "மனசு சரியில்லை ஹஜ்ரத், ராத்திரியெல்லாம் முழிச்சே கிடக்கிறேன்" என்றார். சில திக்ருகளை எழுதித் தந்தோம். அத்தோடு நில்லாமல், "ஆம்பிளை நீங்களே இப்படி உட்கார்ந்துட்டா வீட்டில இருக்கிறவங்க என்ன செய்வாங்க?" என்றும் கேட்டோம். திக்ரில் குறையில்லை. அந்தக் கேள்வி நம்முடையது, மார்க்கத்தினுடையதன்று. அதன்பின் அவர் எவரிடமும் பேசவில்லை. சில மாதங்கள் கழித்து உறவினர்கள் அவரைத் தெற்கே ஒரு தர்காவுக்குக் கொண்டுபோனார்கள் என்று அறிந்தோம். 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதும், 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்ததும் நாம் குத்பாவில் எடுத்துப் பேசிய செய்திகளே. அவருடைய காலில் என்ன இருந்தது என்று நாம் விசாரிக்கவில்லை.

பின்னர் அவருடைய மனைவி பிடிவாதமாக அவரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மருந்து தொடங்கச் செய்தார். இப்போது ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். ஃபஜ்ருக்கு வருகிறார். நாம் ஸலாம் சொன்னால் முழுமையாகப் பதில் சொல்கிறார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

முஸ்தபாக்கண்ணு ஏன் எழவில்லை என்று கேட்ட மாணவருக்கு மறுவாரம் இதைச் சொன்னோம். அன்று பத்துப் பக்கம் நகரவில்லை.