கதவு இருக்கிறது, குடும்பம் எங்கே?

சீன நாட்டு ஷாங்காய் நகரிலே ஒரு கடைத்தெரு. ஷின்டியான்டி என்பது பெயர். புதிய விண், புதிய மண் என்பது பொருள். கல்லால் ஆன வாயில், கருவண்ணக் கதவு, சாம்பல் நிறச் செங்கற்சுவர். பழமையை எவ்வளவு பாங்காகப் பாதுகாத்துள்ளனர் என்று காண்போர் வியக்கின்றனர். நாமும் வியக்கிறோம். ஆனால், வியப்போடு நின்றுவிடப் பகுத்தறிவு நம்மை விடுவதில்லை. அக்கதவைத் தட்டினால் திறப்பவர் யார்? வீட்டுக்காரர் அல்லர், விற்பனையாளர்!

அந்த வீடுகளின் வரலாறு என்ன? 1860-களில் தைப்பிங் போருக்கு அஞ்சி மக்கள் ஷாங்காயின் அந்நிய ஆதிக்கப் பகுதிகளுக்கு ஓடிவந்தனர். அவர்களுக்கென எழத் தொடங்கியவையே ஷிகுமென் எனும் கல்வாயில் வீடுகள். சீனத்து முற்றமும் ஐரோப்பிய வரிசை வீடும் கைகோத்த அமைப்பு. ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய வீட்டில், நாளடைவில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன.

அத்தகைய வீடொன்றில்தான், 1921 ஜூலை 23 அன்று, மாவோ உள்ளிட்ட இளைஞர் சிலர் கூடினர். சீனப் பொதுவுடைமைக் கட்சியின் முதல் மாநாடு அது! உழைப்பவனுக்கே உலகம் என்ற கொள்கைக்குத் தொட்டிலிட்ட வீடு இன்று நினைவகம். அதனை அடுத்தே, 2001-இல், செல்வர் உலவும் சிங்கார வீதி திறக்கப்பட்டது. பொருள் தந்தது ஹாங்காங்கின் ஷுய் ஆன் நிறுவனம். வடிவம் தந்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் வுட். வெளிச்சுவர் நின்றது, உட்புறம் உருமாறியது, குடியிருந்தோர் வேறிடம் அனுப்பப்பட்டனர்.

நேர்மையோடு பேசுவோம். கழிப்பறைக்கும் வழியற்ற நெரிசலை அழகென்று போற்றுவோர் அல்லோம் நாம். பழையது என்பதற்காகவே எதையும் தொழுவோரும் அல்லோம். கண்மூடி இடித்துத் தள்ளிய காலத்தில், பழைய கட்டடத்துக்கும் பயனுண்டு என்று காட்டியது இத்தெரு, அதனை மறுக்கமாட்டோம்.

ஆயினும் கேட்கிறோம்: வசதியற்ற வீட்டுக்கு வசதி செய்து தருவதா, வாழ்ந்தவரையே வெளியேற்றுவதா, எது சீர்திருத்தம்? அதே ஷாங்காயில் தியான்சிஃபாங் என்றொரு சந்து. அங்கே குடியிருந்தோரே தம் வீட்டுக் கீழ்த்தளத்தைக் கடைக்காரருக்கும் கலைஞருக்கும் வாடகைக்கு விட்டனர். சிலர் மாடியிலேயே தங்கினர். அங்கும் குறையுண்டு, வாடகை ஏற ஏறக் குடும்பங்கள் குறைந்தன. எனினும், மக்களை வைத்துக்கொண்டே மாற்றம் காண முயலலாம் என்பதற்கு அது சான்றன்றோ?

இன்னொன்றும் காணீர்! ஷின்டியான்டியில் ஒரு வீட்டை, அந்நாளைய குடும்ப வாழ்வைக் காட்டும் காட்சிக்கூடமாக அமைத்தனர். கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, நாற்காலி இருந்தது. உறங்குவோர், சமைப்போர், அமர்வோர் இல்லை. வாழ்ந்தவரை அனுப்பிவிட்டு வாழ்க்கையைக் காட்சிக்கு வைப்பதா?

ஊகானிலும் ஃபோஷானிலும் இம்முறை தொடர்ந்தது. ஆகவே, இது ஒரு தெருவின் கதையன்று. பழம்பெரும் வீதி புதுப்பிக்கப்படுகிறது என்று எங்கேனும் கேட்டால், தோழர்களே, சுவரின் பொலிவை மட்டும் பார்த்துக் கைதட்டாதீர். முன்பு அங்கே வாழ்ந்தவர் யார், இன்று எங்கே என்று கேளுங்கள். கல்லைக் காத்தவர் மனிதனையும் காத்தாரா? அதுவே அளவுகோல்!