தொப்பியும் பட்டாவும்

தமிழ் சினிமாவைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் 'காப்பி' என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எங்கிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் விமர்சனம் செய்துவிட்ட திருப்தி. அது துப்பறியும் வேலை. குரோசவா ஜான் ஃபோர்டிடம் கற்றார். அவருடைய 'ஏழு சாமுராய்' (1954) அமெரிக்காவுக்குப் போய் 'த மாக்னிஃபிசென்ட் செவன்' (1960) ஆயிற்று. 'யோஜிம்போ' (1961) இத்தாலியில் செர்ஜியோ லியோனே கையில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) ஆயிற்று, வழக்கும் வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாரும் திவாலாகவில்லை. எடுத்தவனுக்கு அந்த வடிவம் எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்தைய அமெரிக்க வெகுஜன சினிமா சில வகைகளை முற்ற வளர்த்தது: இருள் கவிந்த குற்றப்படம், பறக்கும் தட்டுப் படம், வெஸ்டர்ன். மூன்றும் தமிழுக்கு வந்தன. முதலாவது 'அந்த நாள்' (1954). இரண்டாவது 'கலை அரசி'யில் (1963) பானுமதியை வேற்றுக் கிரகத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்த நாளைப் பற்றி, பாட்டு இல்லை என்பதையே ஒரு கலைச் சாதனையாக்கி, வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. வெஸ்டர்ன் பேசத் தகுதியற்றது என்று எண்ணம். எனக்கு அதைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

இந்த உறவின் ஆரம்பம் வேடிக்கையானது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களையும் சேர்த்து வைத்திருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு டெலிவிஷன் வந்தது. பெரியவர்கள் தடுமாறிய அந்தச் சமயத்தில் ராபர்ட் லிப்பர்ட் மாதிரியான சின்ன முதலாளிகள் மலிவுப் படங்களைச் சுறுசுறுப்பாக எடுத்துத் தள்ளினார்கள். லிப்பர்ட் கம்பெனி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸோடு சேர்ந்து 1952இல் எடுத்த படம் 'த ஜங்கிள்'. தமிழில் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி விண்ட்சர் ஆகியோரோடு நம் நம்பியாரும் உண்டு. காட்டின் மர்மம் என்ன என்று கடைசியில் பார்த்தால், ஆதிகாலத்து மாமத யானைகள். உள்ளூர் யானைகளுக்குக் கம்பளி ரோமம் போர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் நம் யானைக்குக் கம்பளி போர்த்தினார்கள். இருபது வருஷம் கழித்து நாம் ஜெய்சங்கருக்குத் தொப்பி வைத்தோம். கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் மலிவு என்பது குற்றமில்லை. சாமுவேல் ஃபுல்லரின் முதல் படமான 'ஐ ஷாட் ஜெஸ்ஸி ஜேம்ஸ்' (1949) இதே லிப்பர்ட் காசில் வந்ததுதான். நண்பனை முதுகில் சுட்டவன் அதன்பின் எப்படி வாழ்வது என்பதைத் தவிர அதில் வேறு சமாச்சாரம் இல்லை. அதே கல்லாப்பெட்டியிலிருந்து கம்பளி யானையும் வருகிறது, ஃபுல்லரும் வருகிறார்.

நம்முடைய வெஸ்டர்ன்களுக்கு வருகிறேன். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரை வைத்து எடுத்தவை: 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975). கைக்குக் கிடைத்ததை ராத்திரிகளில் கைபேசியில் பார்த்தேன். கர்ணனைக் கேலி செய்வது சுலபம், அது வேண்டாம். குதிரை ஓடுவதை எப்படிப் படம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியும். அன்றைய எத்தனையோ 'குடும்பச் சித்திர' இயக்குநர்களுக்குக் கதவு திறப்பதைப் படம் பிடிக்கவே தெரியாது. அவர் படங்களின் கோளாறு வேறு. 'கங்கா'வில் தகப்பனைக் கொன்றவர்களைத் தேடி மகன் பழிவாங்கப் புறப்படுகிறான். அவன் குதிரையேறிப் போகும் நிலம் எந்தத் தாலுகாவைச் சேர்ந்தது? அங்கே தாசில்தார் யார்? தண்ணீர் யாருடைய கிணற்றில்? கேள்விகள் அபத்தமாகத் தோன்றலாம். ஒரு நல்ல வெஸ்டர்ன் பதில் சொல்லும் கேள்விகள் இவைதான்.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'ஷேன்' (1953) வயோமிங்கில் நடக்கும் ஒரு பட்டா தகராறு. நான் வங்கி குமாஸ்தா. பெரம்பலூரிலும் அரியலூரிலுமாக இத்தனை வருஷம் சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று புரட்டிக்கொண்டிருப்பவன். எனக்கு அந்தப் படம் அப்படித்தான் தெரிகிறது. 1862ஆம் வருஷச் சட்டப்படி 160 ஏக்கரில் குடியேறி, ஐந்து வருஷம் உழுதால் நிலம் சொந்தம். குடியானவன் ஸ்டாரெட் அந்தச் சட்டத்தை நம்பி வேலி போடுகிறான். மாட்டுப்பண்ணைக்காரன் ரைக்கர், நாங்கள் ரத்தம் சிந்தி உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் இது என்கிறான். அவன் பேச்சில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஸ்டீவன்ஸ் அதை மறைக்கவில்லை. துப்பாக்கியைத் துறக்க நினைத்து வந்த ஷேன் கடைசியில் அதையே எடுத்துத் தகராறைத் தீர்த்துவிட்டுப் போகிறான். ஆனால் இந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தால் மூலப் பத்திரம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டு பேருக்கும் முன்னால் அங்கே இருந்த செவ்விந்தியர்கள், ரைக்கர் தோளில் என்றோ பாய்ந்த ஒரு அம்பாக மட்டும் வசனத்தில் வந்து போகிறார்கள். யுத்தத்துக்குப் பிந்தைய வெஸ்டர்ன்களில் சிறந்தவற்றை இந்த விடுபட்ட பத்திரம் நிம்மதியாக இருக்க விடவில்லை. ஃபோர்டின் 'த சர்ச்சர்ஸ்' (1956) அந்த நிம்மதியின்மையின் படம்.

கார்ல் ஃபோர்மனின் கதை இன்னொரு விதம். 'ஹை நூன்' (1952) எழுதியவர். கொலைகாரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்து மார்ஷல் வீடு வீடாக, சர்ச்சில் கூட, ஆள் கேட்கிறான். ஊர் கையை விரிக்கிறது. எல்லாம் முடிந்ததும் அவன் தன் பதவிச் சின்னத்தைப் புழுதியில் எறிகிறான். ஃபோர்மன் அதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி அவரைக் கம்யூனிஸ்டா என்று கேட்க அழைத்தது. பெயர்களைச் சொல்ல மறுத்தார், ஹாலிவுட் கதவை மூடியது, இங்கிலாந்துக்குப் போனார். பதினேழு வருஷம் கழித்து அதே ஃபோர்மன் எழுதித் தயாரித்ததுதான் 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969). இந்தியா முழுவதும் கொண்டாடப்பட்ட அமெரிக்கப் படம். நம்மூர்த் தியேட்டர்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. அதில் ஊர் இல்லை. தங்கமும் மலையிடுக்கும் பேராசையும் உண்டு. ஃபோர்மனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது படத்தை. முதலாவதை எடுத்துக்கொள்ள வழியே இருக்கவில்லை. எம்.ஜி.ஆர். வீடு வீடாகப் போய் உதவி கேட்டு, ஊர் கதவைச் சாத்துவதாக ஒரு காட்சியை அன்று யார் எழுதியிருக்க முடியும்? தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பதே அந்த ஊர்தானே.

நிலம் இல்லாத குறை நமக்கில்லை. கொளக்காநத்தம் தாண்டிக் காரைப் பக்கம் போனால், மழை அரித்து அரித்து எலும்பாகிப் போன களிமண் மேடுகள், புல் முளைக்காமல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. ஒரு காலத்தில் கடலடி. குனிந்தால் கல்லாகிப் போன உயிரினங்கள். ஃபோர்டின் மான்யுமென்ட் வாலிக்குச் சளைத்ததல்ல. ஆனால் காமிராவைக் கொண்டுபோய் நிறுத்தினால் இன்னொரு டூயட்தான் கிடைக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டிய பள்ளங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வெஸ்டர்ன் ஞாபகம் வருகிறது. அங்கே முந்திரியும் சோளமும் விளைந்த சர்வே எண்களைப் பத்திரங்களில் இன்னும் படிக்கலாம்.

அதனால்தான் 'அசுரன்' (2019) எனக்கு முக்கியமான படம். பூமணியின் 'வெக்கை' (1982) நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. மூன்று ஏக்கர். பெரிய வீட்டுக்காரர்கள் சிமெண்ட் ஆலைக்காகக் கேட்கிறார்கள், கொடுக்க மறுக்கிறார்கள். சிவசாமி ஒரு காலத்தில் அரிவாள் எடுத்து, பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, மகனே கோழை என்று நினைக்கும்படி வாழ்கிறவன். ஷேனும் துப்பாக்கியைக் கழற்றிவிட்டு மரக்கட்டை வெட்டுகிறவன்தான். வெற்றிமாறன் 'ஷேன்' பார்த்தாரா என்பது எனக்கு ஒரு பொருட்டில்லை. தொப்பி இல்லாமல், குதிரை இல்லாமல், அந்த வடிவம் தேவைப்பட்ட இடத்தில் தானாக முளைத்திருக்கிறது. ஷேனில் விடுபட்ட மூலப் பத்திரம் இங்கே இருக்கிறது என்பது இன்னும் பெரிய விஷயம். பின்கதையில் பஞ்சமி நிலம் வருகிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீரின் 1891ஆம் வருஷ அறிக்கைக்குப் பிறகு, 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கி, வேறு ஜாதியார் வாங்கக் கூடாது என்று நிபந்தனை விதித்த நிலம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதில் எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பேச வெகுஜன சினிமாவுக்கு அத்தனை காலம் பிடித்தது.

முடிவில்தான் படம் என்னைக் கைவிடுகிறது. நீதிமன்ற வாசலில் சிவசாமி மகனுக்கு உபதேசம் செய்கிறான்: நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது. தியேட்டரில் கைதட்டல். ஒரு நண்பர், அந்த இடத்தில் அழாதவன் மனிதனா என்று என்னிடம் சண்டைக்கே வந்தார். அழுகை வரும்தான். ஆனால் இரண்டரை மணி நேரம் நிலத்தைக் கேட்ட படம், பிடுங்கிக்கொள்வார்கள் என்பதை இயற்கை நியதி போல ஒப்புக்கொண்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறது. படித்தவன் என்ன ஆவான்? என்னைப் போல பி.ஏ. ஆங்கிலம் முடித்து ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரோ விற்ற நிலத்தின் பத்திரத்தைச் சரிபார்ப்பான். சிவசாமியைக் கொண்டு அதைச் சொல்ல வைத்தது வெற்றிமாறனின் தயக்கமா, நம் எல்லோருடையதுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அதில் குதிரை இருக்கிறது. முன்னங்கால்கள் கட்டப்பட்ட ஒரு கழுதையும் இருக்கிறது. அந்த ஊர் எந்தத் தாலுகா என்று கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. பஸ் நிற்காத ஊர் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது.