பிரார்த்தனை மேசையும் படைத்தளபதிகளும்

ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை எங்கே உருவாகின்றது என்ற வினாவுக்குக் குடியியற் பாடநூல்கள் தரும் விடை எளிமையானது. மக்கட் பிரதிநிதிகள் விவாதிக்கின்றனர், அமைச்சு வரைகின்றது, தூதுவர் நிறைவேற்றுகின்றனர். இவ்விடை பொய்யன்று, முழுமையானதுமன்று. விவாத மண்டபத்துக்கு வெளியே, பதிவேடுகளில் இடம்பெறாத சந்திப்புகளில், நட்பின் பெயராலும் பக்தியின் பெயராலும் நடைபெறும் பேரங்களும் கொள்கையின் ஒரு பகுதியே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய பேரங்களை நடத்திவந்த சமயக் குழு ஒன்றை ஆராயும் நூல், ஜெப் ஷார்லெற் என்னும் பத்திரிகையாளர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குடும்பம்'. 2019ஆம் ஆண்டில் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. பலராலும் பேசப்பட்ட இந்நூலை, அது வெளிப்படுத்தும் செய்திகளுக்காக மட்டுமன்றி, அச்செய்திகளை அது விளங்கிக்கொள்ளும் முறைக்காகவும் மதிப்பிடுதல் அவசியமாகும்.

ஷார்லெற் வெளியே நின்று எழுதியவர் அல்லர். வேர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்ரனில் 'ஐவன்வோல்ட்' என்னும் இல்லத்தில், அக்குழுவின் இளைஞரோடு சில வாரங்கள் வாழ்ந்தவர். அவ்விளைஞர் கழிவறை கழுவுகின்றனர், விளையாடுகின்றனர், பிரார்த்திக்கின்றனர், தலைவர்களாவதற்குப் பயிற்றப்படுகின்றனர். நூலாசிரியர் அவர்களைக் கோமாளிகளாகத் தீட்டவில்லை. அவர்களது அன்பையும் பணிவையும் உள்ளவாறே காட்டுகின்றார். அதிகாரத்தை வணங்கும் மனப்பான்மை முரட்டு முகத்தோடு மட்டும் வருவதில்லை, கனிவான முகத்தோடும் வரும் என்ற உண்மை இப்பகுதியில் நன்கு புலனாகின்றது. நூலின் இலக்கியச் சிறப்பு இங்கேயே உளது.

குழுவின் தோற்றத்தைக் கூறும் பகுதி வரலாற்று மாணவருக்கு மிகவும் பயன்தருவது. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஏபிரகாம் வெரைட் என்னும் மெதடிஸ்த போதகர், 1935இல் சியாற்றில் நகரத்து வணிகப் பிரமுகர் சிலரைக் காலைப்போசனத்துக்கும் பிரார்த்தனைக்கும் ஒன்றுகூட்டினார். காலத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டிலேதான் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் மாபெரும் வேலைநிறுத்தம் செய்து தமது சங்க உரிமையை நிலைநாட்டினர். சன் பிரான்சிஸ்கோ நகரமே சில நாட்கள் செயலிழந்தது. தொழிலாளரின் எழுச்சி கண்டு அஞ்சிய வர்க்கத்துக்கு வெரைட் ஆறுதல் கூறினார். அதுவரை திருச்சபைகள் வீழ்ந்து கிடக்கும் ஏழையரைத் தேடிச் சென்றன. அவரோ உயர்ந்து நிற்கும் செல்வரைத் தேடிச் சென்றார். ஆண்டவன் சில திறவுகோல் மனிதர் மூலமே உலகை நடத்துகின்றான். அவர்களை மாற்றினால் நாடு தானே மாறும் என்பது அவரது போதனை. 1942இல் அவர் வாஷிங்ரனுக்குத் தமது பணியை மாற்றினார். 1953இல் ஜனாதிபதி ஐசனோவர் முதன்முறையாகப் பிரார்த்தனைக் காலைப்போசனத்திற் கலந்துகொண்டார். அன்றுதொட்டு அது ஆண்டுதோறும் நிகழும் வழக்காயிற்று.

1969இல் வெரைட் இறந்தார். பின்னர் தலைமையேற்ற டக்ளஸ் கோ 2017இற் காலமாகும்வரை பத்திரிகைகளின் வெளிச்சத்தைத் தவிர்த்தே வாழ்ந்தார். சிறு எண்ணிக்கையினர் உறுதிபூண்டால் எத்துணை வலிமை பெறலாம் என்பதற்கு ஹிற்லரையும் மாவோவையும் ஒரே மூச்சில் உதாரணம் காட்டுவது அவர் வழக்கம். யாருக்காக, எதற்காக அவ்வலிமை என்ற கேள்வி அவரிடத்து எழவில்லை. அவரது குழுவின் ஆவணங்கள் இலினோய் மாநிலத்து வீற்றன் நகரில், பில்லி கிரஹாம் நிலையத்தின் காப்பகத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு ஷார்லெற் நிறுவுவது யாது? இந்தோனீசியாவின் சுகார்ட்டோ, சோமாலியாவின் சியாட் பரே போன்ற சர்வாதிகாரிகளோடு இக்குழு நட்புக் கொண்டிருந்தது; அமெரிக்கச் சட்டசபையினர் சிலர் இந்நட்பின் பாலத்தினூடாகவே அவர்களைச் சந்தித்தனர். 1965-66இல் குறைந்தது ஐந்து இலட்சம் மக்கள் கொல்லப்பட்ட குருதியின் மீது ஆட்சியமைத்தவர் சுகார்ட்டோ. 1988இல் தன் நாட்டு நகராகிய ஹர்கெய்சாவைத் தன் விமானங்களைக் கொண்டே தகர்த்தவர் சியாட் பரே.

இனி நூலின் குறைபாட்டுக்கு வருவோம். இத்தொடர்புகளைப் படித்து முடிக்கும் வாசகர், சர்வாதிகாரிகளை அமெரிக்க அரசு ஆதரித்தமைக்கு இப்பிரார்த்தனைக் குழுவே காரணம் என்று எண்ணிவிடக்கூடும். சோமாலியாவை எடுத்துக்கொள்வோம். 1977வரை சியாட் பரே சோவியத் ஒன்றியத்தின் நண்பர். ஒகாடன் போரில் சோவியத் எதியோப்பியாவின் பக்கம் சேர்ந்தபோது அவர் அணி மாறினார். 1980இற் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பெர்பெரா துறைமுகத்தை அமெரிக்கப் படைகள் பயன்படுத்தும் வாய்ப்புக் கிட்டியது. எண்ணெய்க் கப்பல்கள் செல்லும் கடற்பாதையை நோக்கி நிற்கும் அத்துறைமுகமே ஆயுத உதவியை ஈர்த்தது. பிரார்த்தனை இல்லாவிடினும் ஆயுதம் போயிருக்கும். சியாற்றில் நகரத்துப் பகுதியில் வர்க்க நலனைத் தெளிவாகக் கண்ட ஷார்லெற், கடல் கடந்து செல்லும்போது அப்பார்வையைக் கைநெகிழ விடுகின்றார். ஜொனதன் எட்வேர்ட்ஸ், சார்ள்ஸ் பினி ஆகிய பழைய மறைபோதகர்வரை பின்னோக்கிச் சென்று, ஏகாதிபத்தியத்தின் கதையை ஓர் ஆன்மிக மரபின் கதையாக ஆக்கிவிடுகின்றார். துறைமுகமும் இறப்பர்த் தோட்டமும் எண்ணெய்க் கிணறும் பின்னணியில் மங்கிவிடுகின்றன.

அவ்வாறாயின் சமயக் குழுவுக்கு எவ்விதப் பங்கும் இல்லையா? உண்டு, அது வேறு வகையான பங்கு. முதலாவது, பதிவற்ற வழியொன்றை அது அளிக்கின்றது. அந்நிய அரசொன்றின் சார்பில் அமெரிக்க அதிகாரிகளிடம் வாதாடுபவர் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி தம்மைப் பதிவுசெய்ய வேண்டும். ஒன்றாக அமர்ந்து பிரார்த்தித்த நண்பர் எப்பதிவும் செய்யவேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டுக் காலைப்போசனத்தில் உரையாற்றிய ஜனாதிபதி ரீகன், இவ்வியக்கத்தைப் பற்றி மேலும் கூற விரும்பினும் அது தனிமறைவாய் இருப்பதாலேயே வெற்றிபெறுகின்றது என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறினார். இரண்டாவது, கொலைஞனுக்கு அது நன்மதிப்பை அளிக்கின்றது. ஜனாதிபதியோடு ஒரே மண்டபத்தில் உணவருந்திய தளபதி தன் நாட்டுக்குத் திரும்பும்போது அவனது எதிரிகள் அச்செய்தியின் பொருளை உணர்வர். மூன்றாவது, நீதி என்ற சொல்லின் இடத்தில் சமரசம் என்ற சொல்லை வைக்கின்றது. கொன்றவனும் கொல்லப்பட்டவரின் உறவினரும் அன்பாற் கூடவேண்டும் என்று சொல்லும்போது, கொலைக்கு யார் பொறுப்பு என்ற வினா அநாகரிகமாகத் தோன்றத் தொடங்குகின்றது.

இப்பங்கு எவ்வாறு செயற்படும் என்பதைக் குவாத்தமாலாவிற் காணலாம். இது இந்நூலின் பொருளெல்லைக்கு அப்பாற்பட்டதாயினும் ஒப்புநோக்குக்கு உகந்தது. 1982 மார்ச்சில் சதிப்புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ரியோஸ் மொன்ற், கலிபோர்னியாவைத் தாயகமாகக் கொண்ட சபையொன்றின் கிளையான 'எல் வெர்போ' திருச்சபையைச் சேர்ந்தவர். 1976ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின் நிவாரணப் பணியோடு வந்த சபை அது. அதன் மூப்பர்கள் ஜெனரலின் ஆலோசகராயினர். ஞாயிறுதோறும் அவர் தொலைக்காட்சியில் அறவுரை நிகழ்த்தினார். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பற் றொபேட்சன் அவரைத் தம் நேயர்களுக்கு அறிமுகப்படுத்தி நிதியுதவியும் கோரினார். அதே மாதங்களில் மலைநாட்டு மாயா மக்களின் கிராமங்கள் எரிந்தன. பணிந்தோருக்கு அவரை, பணியாதோருக்குத் துப்பாக்கி என்பதே ஆட்சியின் திட்டம். 1982 டிசம்பர் 4ஆம் திகதி ஹொண்டூராஸ் நாட்டிற் ஜெனரலைச் சந்தித்த ரீகன், அவர்மீது அநியாயமாகப் பழி சுமத்தப்படுகின்றது என்றார். இரு நாட்களின் பின் டொஸ் எரேஸ் கிராமத்துள் நுழைந்த படையினர் இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். அடுத்த மாதமே ஆயுத விற்பனைத் தடை நீக்கப்பட்டது. 1999இல் உண்மை ஆணைக்குழு அந்நாட்டு உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சம் பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர் எனக் கணித்தது. அடையாளங் காணப்பட்டோருள் 83 வீதத்தினர் மாயா மக்கள். 2013இல் நீதிமன்றம் ஜெனரலுக்கு இனப்படுகொலைக்கும் மானிடத்துக்கு எதிரான குற்றங்களுக்குமாக எண்பது ஆண்டுச் சிறை விதித்தது. பத்து நாட்களில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018இல் அவர் இறந்தார்.

இங்கே சமயம் கொள்கையைப் படைக்கவில்லை. சன்டினிஸ்டாக்களின் நிக்கரகுவாவை அஞ்சிய வாஷிங்ரனுக்கு மத்திய அமெரிக்காவில் விசுவாசமான படைகள் தேவைப்பட்டன. ஆயின் கொலைகாரத் தளபதி ஒருவனைச் சாதாரண அமெரிக்கத் தேவாலயத்தினர் தம் சகோதரனாக ஏற்கும்படி செய்தது சமயமே. நிதி ஒதுக்கும் அதிகாரம் மக்கள் சபையிடம் உள்ள நாட்டில் இது சிறிய சேவையன்று.

நூலின் இரண்டாவது குறை இதனினும் பெரிது. அதிகாரத்தின் ஆவணங்களைக் கொண்டே எழுதப்பட்டமையால், நூல் முழுவதிலும் பேசுவோர் அதிகாரத்தினரே. சோமாலியரும் இந்தோனீசியரும் தொகையாக வருகின்றனர், மனிதராக வருவதில்லை. அவர்தம் குரலைக் கேட்டிருப்பின், சமயம் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை என்பதையும் நூலாசிரியர் கண்டிருப்பார். 1980 பெப்ரவரியில் எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ, தமது நாட்டுக்கு இராணுவ உதவி அனுப்பவேண்டாம் என்று ஜனாதிபதி கார்ட்டருக்குக் கடிதம் எழுதினார். அதுவும் சமயத் தலைவர் ஒருவர் வெளிநாட்டுக் கொள்கையில் தலையிட்ட செயலே. ஆனால் அது பகிரங்கமாக, பெயர் சொல்லி, எளியோர் சார்பில் நிகழ்ந்தது. மார்ச் 24ஆம் திகதி பூசை செய்துகொண்டிருக்கையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். டிசம்பரில் அமெரிக்கக் கன்னியர் மூவரும் பொதுநிலைத் தொண்டர் ஒருத்தியும் தேசியக் காவற்படையினராற் கொல்லப்பட்டனர். அப்படையின் தலைவராக இருந்தவர் விதேஸ் கசனோவா. கொலையை மூடிமறைப்பதற்கு அவர் துணைநின்றார் என 1993இல் ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணைக்குழு முடிவுசெய்தது. ஆனால் 1984ஆம் ஆண்டின் பிரார்த்தனைக் காலைப்போசனத்துக்கு அழைக்கப்பட்டோருள் அவரும் ஒருவர்! 2002இல் புளோரிடா நீதிமன்ற யூரிமார், சித்திரவதைக்குள்ளான மூவருக்கு அவரும் இன்னொரு தளபதியும் 5 கோடியே 46 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தனர். 2015இல் அவர் நாடுகடத்தப்பட்டார்.

ஒரே வேதநூலை வாசித்தவர்களே இரு பக்கத்தும் நின்றனர். கன்னியர் ஏழைகளின் குடிசைக்குச் சென்றனர்; செனற்றர்கள் தளபதியின் விருந்துக்குச் சென்றனர். எனவே நாம் கேட்கவேண்டியது, சமயம் அரசியலிற் கலக்கலாமா என்பதன்று. எவ்வர்க்கத்தோடு, எவ்வளவு வெளிப்படையாகக் கலக்கின்றது என்பதே. ஷார்லெற்றின் நூல் இவ்வினாவின் பிற்பாதிக்கு விடை தேடுகின்றது. முற்பாதியைத் தொட்டுவிட்டு விலகுகின்றது.

அப்பிற்பாதிதானும் அற்பமானதன்று. 2023இல் காலைப்போசனத்தை நடத்தும் பொறுப்புப் பழைய குழுவிடமிருந்து பிரிக்கப்பட்டு, சட்டசபையினர் சார்ந்த புதிய அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்துக்கு வழிகோலிய கண்டனங்களுள் இந்நூலின் பங்கு கணிசமானது. ஆயினும் விருந்தளிப்பவர் மாறினால் விருந்து மாறிவிடாது. தளபதிகளின் தேவை உள்ளவரை அவர்களுக்கு ஆசி கூறும் குரலும் எங்கிருந்தேனும் எழும். வகுப்பறையில் வெளிநாட்டுக் கொள்கையைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் இந்நூலை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது, யார் யாரோடு பிரார்த்தித்தார் என்பதோடு நின்றுவிடாது, அப்பிரார்த்தனைக்குப் பின் எந்தத் துறைமுகத்தில் எந்த ஆயுதம் இறங்கியது, அது எந்தக் கிராமத்தின்மீது திரும்பியது என்றும் கேட்டல் வேண்டும். நூல் விட்டுச்சென்ற ஆராய்ச்சி அங்கிருந்தே தொடங்குகின்றது.