தம்பியின் போன்

என் மகளுடைய போனின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். மகனுடையது தெரியாது. ‘அடலசன்ஸ்’ தொடரை இருவருக்கும் தெரியாமல் தனியாகப் பார்த்து முடித்த இரவில்தான் இது எனக்கு உறைத்தது.

2025 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் வந்த பிரிட்டிஷ் தொடர் அது. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். அந்தத் தொழில்நுட்பத்தைப் பலரும் வியந்து பேசிவிட்டார்கள், நான் அதை விட்டுவிடுகிறேன். 13 வயது ஜேமி, தன் பள்ளியில் படிக்கும் கேட்டி என்ற சிறுமியைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். இன்ஸ்டாகிராமில் கேட்டி அவனுக்குப் போட்ட எமோஜிகளைக் காவல்துறை நட்பு என்று படிக்கிறது. அது கேலி என்று விசாரணை அதிகாரிக்கு விளக்குவது அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன். சிவப்பு மாத்திரைக்குப் பின்னால் பெண் வெறுப்பின் ஒரு முழு அகராதியே இருக்கிறது. பிள்ளைகளின் போனுக்குள் எந்தக் கண்காணிப்புச் செயலியைப் போட்டிருந்தாலும் அங்கே ஒரு மாத்திரைப் படம்தான் தெரிந்திருக்கும்.

நான்காம் பகுதியில் ஜேமியின் பெற்றோர் படுக்கையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான், நடுநிசி தாண்டியும் விளக்கு எரியும். ஆனாலும் அறைக்குள்தானே இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான் என்று நம்பியிருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் வீடுகளில் பையன் கதவைச் சாத்தினால் படிக்கிறான். பெண் சாத்தினால் யாரோடு பேசுகிறாள்?

இந்தத் தொடரைப் பார்த்த என் தோழி ஒருத்தி, “இதுக்குத்தான் பொண்ணுங்க கையில போன் குடுக்கக் கூடாதுங்கிறது” என்றாள். கொலை செய்தது பையன். அதற்கு முன்னால் கேட்டியின் அரைநிர்வாணப் படத்தைப் பள்ளிக்குள் பரப்பியதும் ஒரு பையன்தான். அவள் அவமானப்பட்டுக் கிடக்கும் நேரம் பார்த்துத்தான் ஜேமி அவளை வெளியே அழைக்கிறான், இப்போது மறுக்கமாட்டாள் என்ற கணக்கில். ஆனாலும் நம்மூரில் போனைப் பிடுங்குவது அவளிடமிருந்துதான். பிடுங்கும் வேலை அம்மாவுக்கு. நானும் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அதை அக்கறை என்று சொல்லிக்கொண்டேன்.

தொடர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கேட்டியின் வீட்டுக்குள் கேமரா ஒருமுறைகூடப் போகவில்லை. எல்லோரும் ஜேமியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள் என்று ஒரு பெண் அதிகாரி வருந்துகிறார். அவரை அப்படிப் பேசவைத்துவிட்டுத் தொடரும் அதையே செய்கிறது. தங்களுக்கும் இதில் பங்குண்டு என்று முதலில் ஒப்புக்கொள்ளத் துணிபவள் அம்மா மாண்டா. கடைசிக் காட்சியின் அழுகை மட்டும் அப்பாவுக்குப் போய்விடுகிறது. பிரிட்டனில் பள்ளி மாணவர்களுக்கு இதை இலவசமாகக் காட்ட ஏற்பாடானது. நல்லதுதான். கேட்டி யார் என்று அந்த வகுப்பறைகளில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அந்த வாரம் மகளின் போனைப் பார்ப்பதை நிறுத்தினேன். “தம்பி போனையும் பாக்க மாட்டியாம்மா?” என்றாள். பதில் சொல்லாமல் மகனைக் கூப்பிட்டு இரண்டாம் பகுதியைச் சேர்ந்து பார்த்தேன். அந்த மாத்திரைக்கு என்னடா அர்த்தம் என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சரியாகச் சொன்னான். உங்கள் வகுப்பில் யாரை இப்படியெல்லாம் கேலி செய்வீர்கள் என்றேன்.

தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து போனவன் திரும்பி வரவில்லை.